உப்பு: தேவையான அளவு

தமிழில் எழுதப்படும் சமையற்குறிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ரவை ஒரு டம்ளர், வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு என்று கறாராகக் கணக்குச் சொல்லிக்கொண்டு வரும் பட்டியல், கடைசி வரிக்கு வந்ததும் நம்மை நட்டாற்றில் விட்டுவிடுகிறது. உப்பு: தேவையான அளவு. யாருக்குத் தேவையான அளவு? அது தெரிந்தவருக்குக் குறிப்பே தேவையில்லை. தெரியாதவருக்கு அந்த வரி எதையுமே சொல்வதில்லை. செய்முறைக்குள் நுழைந்தாலும் இதே கதைதான். ‘பொன்னிறமாக வறுக்கவும்’, ‘பதமாக வந்ததும் இறக்கவும்’. முதன்முறையாக அடுப்பின்முன் நிற்பவர் பொன்னிறத்தை எதிர்பார்த்து ரவையைக் கருக்கிவிடுகிறார். உப்புமாவுக்கு வறுக்கும் ரவை நிறம் மாறவேண்டியதே இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

உப்புமாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. புதிதாகச் சமைக்க வருபவர் முதலில் செய்துபார்க்கத் தக்க காலை உணவு அது. ஊறவைத்து அரைக்க வேண்டாம், மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம், அரைமணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும். ஆனால் நம்மவர்கள் அதற்குத் தந்திருக்கும் மரியாதை ஊரறிந்தது. படத்தை முடிப்பாரோ மாட்டாரோ என்று ஐயத்துக்கிடமான தயாரிப்பு நிறுவனத்துக்குத் திரையுலகம் சூட்டிய பெயரே ‘உப்புமா கம்பெனி’. இந்த ஏளனத்துக்குப் பெரும்பகுதிக் காரணம் மோசமாகக் கிண்டப்பட்ட உப்புமா என்பதும், மோசமான உப்புமாவுக்குக் காரணம் அதை யாரும் ஒழுங்காகச் சொல்லித்தராததே என்பதும் நம் கட்சி.

உப்புமா ஏன் கட்டி தட்டுகிறது? ரவை என்பது உடைத்த கோதுமை. கொதிநீர் பட்டவுடன் அதன் மேற்புறத்து மாவுச்சத்து வீங்கிப் பசையாகிறது. பக்கத்து மணிகளும் அதே நேரத்தில் பசையானால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, நடுவில் இருப்பவற்றுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. வறுத்த மணி அவ்வளவு விரைவில் ஒட்டிக்கொள்வதில்லை என்பதற்காகத்தான் வறுக்கிறோம், நிறத்துக்காக அல்ல. இளந்தீயில் நாலைந்து நிமிடம் புரட்டினால் பச்சை மாவின் வாடை போய் லேசான மணம் எழும். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் மணல்போல் வழுக்கிக்கொண்டு விழும். அதுவே அடையாளம். இந்த இரண்டு வரிகள் எழுத எவ்வளவு இடம் தேவைப்படும்?

தண்ணீரின் கணக்கும் இப்படித்தான். ‘ஒரு டம்ளர்’ என்றால் எந்த டம்ளர் என்று புதியவர் தவிப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. எந்த டம்ளராக இருந்தாலும் சரி, ரவையை அளந்த அதே டம்ளரால் இரண்டரை மடங்கு தண்ணீர் என்று சொல்லிவிட்டால் தவிப்பு தீர்ந்தது. வேண்டியது அளவைவிட விகிதம். உப்புக்கும் வழி இருக்கிறது. டம்ளர் ரவைக்குத் தூள் உப்பு முக்கால் தேக்கரண்டியில் தொடங்கலாம். கல்லுப்பு என்றால் கரண்டிக்குள் இடைவெளி அதிகம், சற்றுக் கூடப் போகும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் ஒரு துளியை ஆறவைத்து நாவில் விட்டுப் பார்க்கவேண்டும். தண்ணீராகக் குடித்தால் இது கொஞ்சம் கரிக்கிறதே என்று தோன்றினால், ரவை விழுந்தபின் சரியாக இருக்கும். பல்லாண்டு சமைத்தவர்கள் யோசிக்காமலே செய்வது இது. யோசிக்காமல் செய்வதாலேயே எழுதும்போது விட்டுவிடுகிறார்கள்.

இதைக் கேட்டால் ‘கைப்பக்குவம்’ என்ற பதில் வந்துவிடுகிறது. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஓர் இளைஞன் ஒருமுறை உப்புமாவைக் குழைத்துவிட்டால், “அவனுக்குக் கைப்பக்குவம் வராதும்மா, விடு” என்று சிரித்து அனுப்பிவிடுகிறோம். அவன் தங்கை அதே உப்புமாவை அதே விதமாகக் குழைத்தால், “போற இடத்துல என்ன செய்யப்போறா” என்கிறோம். ஒரே சொல், அவனுக்கு விடுதலைப் பத்திரம், அவளுக்குக் குற்றப்பத்திரிகை. இந்தியாவின் முதல் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. சமையல் உள்ளிட்ட ஊதியமற்ற வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது கணக்கிட்டது. ஈடுபடாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே மாட்டார்கள். கைப்பக்குவம் பிறவிக்கொடை என்று நம்பும்வரை இந்தக் கணக்கு யாருடைய குற்றமும் ஆகாது, பாருங்கள், எவ்வளவு வசதி.

விடுதலை பெற்றவனும் ஒருநாள் மாட்டிக்கொள்கிறான். மனைவியை இழந்த எழுபது வயதுக்காரர்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். பேரேடு எழுதத் தெரியும், பத்திரம் படிக்கத் தெரியும், கடுகு எப்போது வெடிக்கும் என்பது தெரியாது. காலை ஏழு மணிக்குப் பசிக்கிறது. மகள் வேறு ஊரில். அவர் கையில் ஒரு சமையல் புத்தகத்தைக் கொடுத்தால் அது அவரிடம் சொல்வது: உப்பு, தேவையான அளவு.

பதத்தைத் தமிழில் எழுத இயலாது என்பதும் உண்மையன்று. சித்த மருத்துவத்தில் தைலம் காய்ச்சுவதற்கு மெழுகு பதம், கடுகு பதம், மணல் பதம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அடியில் தங்கும் கற்கம் மெழுகாகத் திரள்கிறதா, கடுகளவாக உருள்கிறதா, மணலாக நெரிகிறதா என்பதை விரலால் அறிந்துகொள்ளலாம். வைத்தியருக்காக எழுதும்போது இவ்வளவு துல்லியமாக வரும் மொழி, வீட்டு அடுப்புக்கு வரும்போது மட்டும் ஏன் வாய்மூடிக்கொள்கிறது? சமையல் தெரிந்தவளாகவே பெண் வந்து சேருவாள் என்ற நம்பிக்கைதான் என்று தோன்றுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த இடத்தில் குறுந்தொகையின் 167ஆம் பாடல் நினைவுக்கு வரும். கூடலூர் கிழார் பாடியது. மணமாகிச் சென்ற பெண் தன் கையாலேயே மோர்க்குழம்பு வைக்கிறாள். கெட்டித் தயிரை விரலால் பிசைகிறாள், விரல் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திக்கொள்கிறாள், தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் படிகிறது. கணவன் சுவைத்துப் பாராட்ட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கண்டுவந்த செவிலித்தாய் நற்றாயிடம் சொல்வதாகப் பாட்டு. காதலைப் பற்றியே இதுவரை அதிகம் பேசியாயிற்று. நமக்கு வியப்பாக இருப்பது, அந்தக் கவிஞர் அடுப்படியில் கண்ணைத் திறந்துவைத்திருந்தார் என்பது. தயிரின் கெட்டித்தன்மையிலிருந்து புகை போகும் திசைவரை எல்லாம் அவருக்குத் தெரிகிறது. குழம்பு உண்மையில் நன்றாக வந்ததா என்பதை மட்டும் பாட்டு நமக்குச் சொல்வதில்லை. கணவனின் நாக்குதான் அங்கே தேர்வாளர். அதை ரசிக்க நம்மால் இயலவில்லை.

இன்னொரு வழியையும் தமிழ் கண்டிருக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டார். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956இல்தான் வந்தது என்பதால் அவர் கணக்கு ஆழாக்கில், அதாவது எட்டில் ஒரு படியில். சொல்லித்தரப் பெரியவர்கள் அருகில் இல்லாத இளம்பெண்களை மனத்தில் வைத்து எழுதியவர் என்பதால், படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. நூலின் தலைப்பையே கவனியுங்கள். பார்த்துச் சமை என்று அவர் மிரட்டவில்லை.

அளவு சொன்னால் சமையல் இயந்திரமாகிவிடும் என்பார்கள் சிலர். சரளி வரிசை பாடியதால் யாரும் மனோதர்மம் இழந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. இருநூறு முறை உப்புமா கிண்டியவர் டம்ளரைத் தூக்கி எறியட்டும். முதல் நாள்காரருக்கு அது வேண்டும்.

அதைவிடவும் அவருக்கு வேண்டியது, தவறினால் என்ன செய்வது என்பது. அதை எந்தக் குறிப்பும் எழுதுவதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தீயைத் தணித்து, ஒரு கையால் ரவையைத் தூறலாகத் தூவி மறு கையால் கிளறவேண்டும். அப்படியும் கட்டி விழுந்தால் சூடாக இருக்கும்போதே கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தினால் உடையும். ஆறிவிட்டால் உடையாது. தளர்ந்துபோனால் மூடியைத் திறந்துவைத்து இளந்தீயில் இரண்டு நிமிடம். வறண்டுபோனால் வெந்நீர் தெளித்து மூடி, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் தொடாமல் இருப்பது நல்லது. உப்பு மிஞ்சிவிட்டால் தேங்காய்த் துருவலை அள்ளிப் போட்டுக் கிளறி, பக்கத்தில் உப்பில்லாத கெட்டித் தயிரை வைத்துக்கொண்டு சாப்பிடலாம். எழுபது வயதுக்காரருக்கும் அது போதும், மறுநாள் அரைக்கால் தேக்கரண்டி குறைத்துக்கொள்வார்.