பழங்கணினியும் புதிய குத்தகையும்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி, உலகெங்குமுள்ள கோடிக்கணக்கான கணினிகள் முதுமையெய்திவிட்டனவென ஒரு நிறுவனம் தீர்ப்பளித்தது. அவற்றின் விசைகள் தேய்ந்துவிடவில்லை, திரைகள் மங்கிவிடவில்லை. வின்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழமையாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் அன்றோடு நிறுத்திக்கொண்டது, அவ்வளவே. அடுத்த பதிப்புக்கு மாறலாமே என்றால், ஏறத்தாழ 2017 இன் பின் வந்த செயலியும் குறித்ததொரு பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். இயலாதோருக்கு ஓராண்டுத் தவணை அறிவிக்கப்பட்டது: முப்பது டொலர் கட்டலாம், அன்றேல் கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்துக் கணக்கோடு பிணைக்கலாம். குத்தகைக்காரன் வயலைவிட்டு எழும்பவேண்டிய நாளை நிலவுடைமையாளன் குறித்துக்கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

“நாம் எங்கே காசு கொடுத்து வாங்கினோம்? கடைக்காரப் பையன் சும்மா போட்டுத் தந்தான்” என்று நம்மவர் சிரிக்கக்கூடும். ஏகபோகத்தைக் கண்டித்துக் கட்டுரை வரைகிறோம். அக்கட்டுரையை அதே ஏகபோகத்தின் திருட்டுப் பிரதியிலே தட்டச்சுச் செய்கிறோம்! இதனை ஒருவகை எதிர்ப்பென்று கருதும் தோழர்களும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. 1998 இல் வொஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் முன்னிலையில், சீனரைக் குறித்துப் பேசிய பில் கேட்ஸ், களவெடுப்பதானால் நமது பொருளையே எடுக்கட்டும், அதற்கு அடிமையாகிவிடுவார்கள், வசூலிக்கும் வழியைப் பின்னர் கண்டுகொள்ளலாம் என்ற கருத்துப்படப் பேசினார். முதலாளித்துவம் தன் நெஞ்சை இவ்வளவு வெளிச்சமாகத் திறந்துகாட்டுவது அபூர்வம்.

மாற்று இல்லாமலில்லை. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடக்கிய முயற்சியும், 1991 இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவன் எழுதிய கருவும் இணைந்து லினக்ஸ் பிறந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். எம் நாட்டவருக்கு இம்மரபு புதிதுமன்று. 2004 சுனாமியின் பின் காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குபடுத்தவும் இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய ‘சகானா’ திறந்த மூல மென்பொருளே. அயலிலுள்ள கேரளத்து அரசுப் பாடசாலைகள் பல ஆண்டுகளாகவே இத்தகைய மென்பொருளில் கணினி கற்பிக்கின்றன. எமது மாணவனோ லினக்ஸ் என்ற பெயரை விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுகிறான். அதன் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை.

இவ்விடத்தில் லினக்ஸ் அன்பர் சிலரையும் கண்டிக்கவேண்டியுள்ளது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரியாதவன் இதனைத் தொடலாகாது என்பது அவர்களது எண்ணம்; தொடக்கநிலையாளருக்கென வந்தவற்றை ஏளனஞ் செய்வர். அறுபதுகளில் நம் எழுத்தாளர் மக்கள் பேச்சை இலக்கியத்திற் கொணர்ந்தபோது, ‘இழிசனர் வழக்கு’ என்று முகஞ்சுழித்த பண்டிதர்களின் வாரிசுகள் இவர்கள்.

2006 முதல் வெளிவரும் லினக்ஸ் மின்ட் அத்தகைய எளிய முறைமை. அதை ஒரு பென் ட்ரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம்; நிறுவும்படி நாமே பணிக்கும்வரை வன்தட்டிலுள்ள எதுவும் தொடப்படாது. நான்கு கிகாபைட் நினைவகம் தாராளம்.

ஆசிரிய நண்பர் ஒருவர் வீட்டில் மூலையிற் கிடந்த மடிக்கணினியில் இதனைச் சோதித்தோம். இணையம் உடனே கிடைத்தது. தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கச் சிறிது நேரம் தேடவேண்டியிருந்தது. பாமினி எழுத்துருவை நிறுவியபின் பழைய வினாத்தாள்கள் லிப்ரே ஒபிஸில் திறந்தன. அட்டவணைகள் சில இடம்பெயர்ந்து நின்றன என்பதையும் மறைக்கமாட்டோம். அச்சுப்பொறி இரண்டு நாள் அடம்பிடித்தது. அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளை நம்பிப் பிழைக்கும் அச்சகத்தாரை உடனே மாறுங்கள் என்று வற்புறுத்தவும் நாம் துணியோம். அந்நிறுவனம் லினக்ஸுக்கு அதனை வழங்குவதில்லை.

மூன்றாம் நாள், நண்பரின் மகள் அம்மடிக்கணினியில் தன் ஒப்படையை எழுதிக்கொண்டிருந்தாள். வின்டோஸ் எங்கே என்று அவள் கேட்கவில்லை. நண்பர்தான் இரண்டொரு முறை கேட்டார்.