மஞ்சள் கடுதாசியும் வரிக் கணக்கும்

சென்னையிலிருந்து கல்கத்தா ரஸ்தாவில் வடக்கு நோக்கிச் சென்றால், ஆந்திர எல்லைக்குச் சற்று இப்பால் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1997-ல் அந்த ஜில்லா பிரிந்தபோது திருவள்ளூர் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள சிப்காட் பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலைகள் பல உண்டு. ஓர் உருக்காலை நடக்கிறதென்றால், அதை நம்பிப் பழைய இரும்பு சேர்த்துக் கொடுப்பவர், லாரி விடுபவர், இயந்திர உதிரிப் பாகம் விற்பவர், தொழிலாளருக்குச் சாப்பாடு போடுபவர் என்று ஒரு சிறு கூட்டமே பிழைக்கிறது. இவர்களில் ரொக்கத்துக்கு வியாபாரம் செய்பவர் அபூர்வம். எல்லாம் அறுபது நாள், தொண்ணூறு நாள் தவணைதான்.

ஆலை நொடித்துப் போனால் இவர்கள் கதி என்ன? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. அதே பேட்டையில் உருக்காலை வைத்திருந்த சுரானா இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, கடன் தீர்க்க வழியின்றிக் கலைப்புக்குப் போனது ஊரறிந்த சங்கதி.

கடன்பட்டவன் கை விரிப்பதை நம் ஜனங்கள் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்பார்கள். சென்னையில் 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி கை விரித்தபோது பட்ட அடியை மறக்காமல்தான் மறு வருஷமே நம்மவர் இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தார்கள். அதற்குப் பின் சட்டங்களும் வந்தன. சென்னை நகரத்துக்கு 1909-ம் வருஷத்துச் சட்டம்; நகரத்துக்கு வெளியே 1920-ம் வருஷத்துச் சட்டம். தனி மனிதரும் கூட்டு வியாபாரிகளும் கடனில் மூழ்கினால் இன்றும் அவற்றைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே திருவள்ளூர் வியாபாரி தம் ஜில்லாக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மனுவுக்கு 500 ரூபாய்க் கடன் போதும்! அந்தச் சட்டப்படி, அடகு பிடித்தவர் தம் அடகை எடுத்துக்கொண்டது போக, மிஞ்சியதில் முதல் பங்கு சர்க்கார் பாக்கிக்கு. அதனோடு குமாஸ்தாவுக்கும் கூலியாளுக்கும் நான்கு மாதச் சம்பளம். ஆனால் ஆளுக்கு 20 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 20 ரூபாய் என்பதை இக்காலத்தில் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கம்பெனிகளின் விஷயம் 2016-ம் வருஷத்துத் திவால் சட்டத்தால் தலைகீழாயிற்று. சர்க்கார் பாக்கியின் இடத்தை மாற்றுவது தன் நோக்கங்களில் ஒன்று என்று அச்சட்டம் முகவுரையிலேயே கூறுகிறது. ஒரு கம்பெனியைக் கலைத்து வரும் பணத்தில் முதலில் வழக்குச் செலவு. அடுத்து அடகு பிடித்த பாங்கிகளும், 24 மாதக் கூலிக்காகத் தொழிலாளரும் சமமாக. பிறகு மற்றச் சிப்பந்திகளின் 12 மாதச் சம்பளம். பிறகு ஈடின்றிப் பணம் கொடுத்தவர்கள். ஐந்தாவது இடத்தில்தான் சர்க்காரின் இரண்டு வருஷ வரிப் பாக்கி. தொழிலாளியை மேலே ஏற்றியது நியாயமான காரியம். ஆனால் சரக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் நம் உதிரிப் பாக வியாபாரி எங்கே? அவர் ஆறாவது. சர்க்கார் கீழே இறங்கியும் அவருக்கு மேலேதான் நிற்கிறது.

இங்கேதான் விசித்திரம். அவர் ஆலைக்குப் பத்து லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்பி, 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 11,80,000 ரூபாய்க்குப் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலை ஒரு காசும் தரவில்லை. ஆனாலும் அந்த 1,80,000 ரூபாயை, தாம் கொள்முதலில் ஏற்கனவே கட்டியதைக் கழித்துக்கொண்டு, அடுத்த மாதமே அவர் சர்க்காருக்குக் கட்டியாக வேண்டும். பணம் வரவில்லை என்று பின்னால் அதைத் திரும்பக் கேட்க முடியாது. சரக்குத் திரும்பி வந்தால்தான், அல்லது விலையோ வரியோ அதிகமாகப் போட்டிருந்தால்தான் கணக்கைக் குறைக்கலாம். இங்கிலாந்தில் ஆறு மாதம் வசூலாகாத பில்லுக்கு வரியைத் திரும்பப் பெற வழியிருக்கிறது. நம் நாட்டில் இல்லை.

இன்னும் கேளுங்கள். வாங்கிய ஆலை அந்த 1,80,000 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொண்டிருக்கும். பில்லுக்கு 180 நாளில் பணம் தராவிட்டால், அக்கழிவை வட்டியுடன் சர்க்காருக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி. ஆலையோ திவால். ஆகவே சர்க்கார் அத்தொகைக்கும் உரிமை கொண்டாடி வரிசையில் நிற்கிறது. ஒரே பில், வரியை வியாபாரியிடம் வாங்கியாயிற்று, ஆலையிடமும் கேட்கிறது, அப்படிக் கேட்கும்போது வியாபாரிக்கு முன்னால் நின்று கேட்கிறது! சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். இரண்டு சட்டங்களை இரண்டு அறைகளில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

சர்க்கார் மேலும் ஏறப் பார்த்ததும் உண்டு. குஜராத்தில் ரெயின்போ பேப்பர்ஸ் என்ற காகிதக் கம்பெனியின் வழக்கில், மாகாண விற்பனை வரிச் சட்டப்படி சர்க்காரும் அடகு பிடித்தவரைப் போன்றதே என்று சுப்ரீம் கோர்ட்டு 1922-ல் அல்ல, 2022-ல் தீர்ப்பளித்தது! பாங்கிகள் திடுக்கிட்டன. அடுத்த வருஷம் ராமன் இஸ்பாத் என்ற உருக்குக் கம்பெனியின் வழக்கில் அதே கோர்ட்டு, சர்க்கார் பாக்கி கீழ்ப் படியிலேதான் என்று சொல்லி, முந்தின தீர்ப்பை அவ்வழக்கின் விவரங்களோடு நிறுத்தியது. ஒப்பந்தத்தினால் ஏற்படுவதே அடகு என்று தெளிவுபடுத்தும் திருத்த மசோதா 2025 ஆகஸ்டில் லோக்சபைக்கு வந்தது. பாங்கிக்கும் சர்க்காருக்கும் நடந்த இந்த இழுபறியில் சிறு வியாபாரியின் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை.

அவர் செய்யக்கூடியது கொஞ்சமே. தாமே வழக்குத் தொடுப்பதற்கு 2020 மார்ச்சு முதல் ஒரு கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். பாங்கிகள் சேர்ந்து மனுப் போடலாம், சரக்குக் கொடுத்தவர்கள் சேர முடியாது. கடன்காரர் கமிட்டியில் பாங்கிகள் இருக்கும்வரை அவருக்கு ஓட்டும் கிடையாது. ஆனால் பத்திரிகையில், தமிழிலும் இங்கிலீஷிலும், திவால் விளம்பரம் வரும். அதைக் கண்டவுடன் 'பாரம் பி'-யில் தம் பாக்கியை எழுதி அனுப்ப வேண்டும். விளம்பரத் தேதி தவறினாலும் 90 நாள் வரை அவகாசம் உண்டு. சோம்பியிருந்தால் ஆபத்து: புதிய முதலாளியின் திட்டத்தில் ஏறாத பாக்கி, சர்க்கார் பாக்கியே ஆனாலும், அடியோடு அழிந்தது என்று 2021-ல் கனசியாம் மிச்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது.

வருமான வரியில் மட்டும் ஓர் ஆறுதல். முன்பு வருமானமாகக் காட்டிய பாக்கி வராக் கடனாயின், அதைக் கணக்குப் புத்தகத்தில் தள்ளி எழுதிவிட்டாலே போதும். வசூலாகாது என்று ருசுப்படுத்த வேண்டியதில்லை. இதையும் அந்தக் கோர்ட்டே 2010-ல் சொல்லியிருக்கிறது. எழுத வேண்டியது மார்ச்சு 31-க்குள்.