லஞ்சுக்கு 300 ரூபாய் யோசிக்காம கொடுங்க, லிங்க்கை யோசிச்சுத் தொடுங்க



டிசம்பர் மூணாவது வாரம் வந்தா ஆபீஸ்ல ரெண்டு விஷயம் சுத்த ஆரம்பிக்கும். ஒண்ணு, கிறிஸ்துமஸ் லஞ்சுக்குக் காசு வசூல் பண்ற நோட்டு. இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல வர்ற "கிறிஸ்துமஸ் கிஃப்ட்" லிங்க். நோட்டைப் பார்த்ததும் 300 ரூபாய்க்குப் பத்து தடவை யோசிக்கிறோம். லிங்க்கை ஒரே செகண்ட்ல தட்டிடறோம். இது அப்படியே தலைகீழா இருக்கணும்ங்கிறதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல லஞ்ச்

உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துல இருந்து விடிகாலையில கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு சிப்காட்னு வேலைக்குப் போறவங்க இதைப் படிக்கிறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் பஸ்ல ஏறித் தூங்கிடுவோம். பக்கத்து லைன்ல வேலை பார்க்கிறவரோட பேர் கூட சில சமயம் தெரியாது. வருஷத்துல ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டு, யாராவது வீட்டுல இருந்து கொண்டு வந்த கல்கல், அச்சு முறுக்கைப் பங்கு போட்டு, கிறிஸ்மா கிறிஸ் சைல்டு சீட்டு எடுத்துச் சிரிக்கிறது வீண் செலவே கிடையாது.

கணக்கா பார்த்தாலும் சரிதான். கையில 20,000 ரூபாய் சம்பளம் வாங்குறவருக்கு 300 ரூபாய்ங்கிறது ஒன்றரை சதவீதம், அதுவும் வருஷத்துக்கு ஒரே தடவை. அவசரத்துக்கு ஷிஃப்ட் மாத்திக் கொடுக்கிறது, பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை மாத்த வழி சொல்றது, வேற இடத்துல வேலை காலியா இருக்குனு காதுல போடறது எல்லாம் இப்படிப் பழகின ஆளுங்கதான். எஸ்.ஐ.பி. போடற மாதிரியே இதுவும் ஒரு முதலீடு.

அளவு மட்டும் வெச்சுக்கோங்க. கிஃப்ட்டுக்கு 200 ரூபாய்னு பேசிட்டா 200தான். கிறிஸ் சைல்டை அசத்தணும்னு இ.எம்.ஐ.ல வாங்காதீங்க. வசூல் பண்றவங்களும் ட்ரெய்னி, கான்ட்ராக்ட் பசங்ககிட்ட சத்தமா கேட்காம, முடிஞ்சதை வாங்கிக்கிட்டா நல்லது.

ஆபத்து அந்த குரூப்ல இருக்கு

லஞ்சுக்குனு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பாங்க. வெஜ்ஜா நான்வெஜ்ஜானு கேட்க, க்யூஆர் கோடு போட, போட்டோ போட. லஞ்ச் முடிஞ்சாலும் குரூப் கலையாது. நாற்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. அதனால அங்க வர்ற எதையும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல இடம் வேணுமா?

இந்த சீசன்ல வர்றது பெரும்பாலும் மூணு ரகம்.

ஒண்ணு, பரிசு லிங்க். 2021 மார்ச்ல "அமேசான் 30-ஆம் ஆண்டு விழா, நாலு கேள்விக்குப் பதில் சொன்னா போன் இலவசம்"னு ஒரு மெசேஜ் நாடு முழுக்க சுத்துச்சு. பதில் சொன்னதும் பரிசுப் பெட்டியைத் திறக்கச் சொல்லும். ஜெயிச்சுட்டீங்கனு காட்டும். அப்புறம் 5 குரூப் இல்லைன்னா 20 பேருக்கு அனுப்பினாத்தான் பரிசுனு சொல்லும். அமேசான் ஆரம்பிச்ச வருஷம் 1994. அப்போ 2021-ல 27 வருஷம்தானே ஆச்சு? 30-ஆம் ஆண்டு விழா எங்கிருந்து வந்துச்சு? ஒரு கழித்தல் கணக்குப் போட்டிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். கம்பெனி பேரையும் பண்டிகை பேரையும் மாத்திக்கிட்டு இதே டிசைன் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

ரெண்டு, வாழ்த்து ஃபைல். 2024 நவம்பர்ல இமாச்சலப் பிரதேச போலீஸ் ஒரு எச்சரிக்கை விட்டாங்க: வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகைனு வர்ற ஃபைல் உண்மையில ஏபிகே, அதாவது ஒரு ஆப். கல்யாணப் பத்திரிகை இடத்துல கிறிஸ்துமஸ் வாழ்த்தையோ புத்தாண்டு வாழ்த்தையோ வெச்சா அதே வேலைதான். போட்டோ ஃபைல் பேர் ஜேபிஜினு முடியும், வீடியோ எம்பி4-னு முடியும். ஏபிகேனு முடிஞ்சா அது வாழ்த்தே இல்லை. அதை இன்ஸ்டால் பண்ணி, அது கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுத்துட்டா உங்க எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்கும், ஓடிபி அந்தப் பக்கம் போயிடும். அடுத்து உங்க பேர்லயே அந்த ஃபைல் உங்க நண்பர்களுக்கும் போகலாம்.

மூணு, சங்கிலி கிஃப்ட். அமெரிக்காவுல 2015 வாக்குல ஃபேஸ்புக்ல "சீக்ரெட் சிஸ்டர்"னு ஒண்ணு கிளம்புச்சு. நீங்க 10 டாலருக்கு ஒரே ஒரு கிஃப்ட் அனுப்பணும், 6 பேரைச் சேர்த்துவிடணும், உங்களுக்கு 36 கிஃப்ட் வரும். பார்க்க நம்ம கிறிஸ்மா கிறிஸ் சைல்டு மாதிரியே இருக்கும். ஆனா நம்ம ஆட்டத்துல நாற்பது பேர் நாற்பது கிஃப்ட் கொடுப்பாங்க, நாற்பது பேர் வாங்குவாங்க. கணக்கு அந்த ரூமுக்குள்ளயே முடிஞ்சிடும். சங்கிலியில முடியாது. 6 பேர், அப்புறம் 36, 216, 1,296... பத்தாவது படியில மட்டும் 6 கோடியே 4 லட்சம் பேர் வேணும். முதல் படியில இருந்து மொத்தமா கூட்டினா 7 கோடியே 25 லட்சம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். கைக்குழந்தையைச் சேர்த்தாலும் பத்தாவது படிக்கு ஆள் பத்தாது. கடைசியில சேர்ந்தவங்க எல்லாருக்கும் பட்டை நாமம். இதையே பணம் வெச்சு நடத்தினா, 1978-லயே பணச் சுழற்சித் திட்டங்களுக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு. "நான் ஆரம்பிக்கலை, சேர்த்துவிட்டேன் அவ்வளவுதான்"ங்கிறதும் அங்க செல்லாது.

ஃபார்வர்டுங்கிறது ஜாமீன் கையெழுத்து

மூணு ரகத்துக்கும் பொதுவான ஒரு விஷயம் கவனிச்சீங்களா? மோசடிக்காரன் நேரா உங்ககிட்ட வர்றதே இல்லை. உங்க நண்பர் மூலமா வர்றான். முன்பின் தெரியாத நம்பர்ல இருந்து வந்தா அழிச்சிடுவோம். பக்கத்து சீட் அண்ணன் அனுப்பினா திறந்துடுவோம். லஞ்ச் டேபிள்ல நாம சம்பாதிச்ச நம்பிக்கையை அவன் வட்டியில்லாம கடன் வாங்கிக்கிறான்.

பேங்க்ல ஒருத்தர் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொன்னா எவ்வளவு யோசிப்போம்? கட்டுவாரா, சம்பளம் என்ன, வேற கடன் இருக்கானு குடைவோம். ஃபார்வர்டு பட்டனும் அதே கையெழுத்துதான். "இதுக்கு நான் பொறுப்பு"னு சொல்லாம சொல்றோம். "வந்ததை அனுப்பினேன், உண்மையானு தெரியலை"னு கீழ ஒரு வரி போட்டுட்டா பொறுப்பு போயிடாது. தெரியலைன்னா எதுக்குக் கையெழுத்து?

நம்ம வட மாவட்டங்கள்ல ஆருத்ரா விவகாரம் யாருக்கும் மறந்திருக்காது. மாசத்துக்கு 25, 30 சதவீதம் வட்டினு சொல்லி ஒரு லட்சம் பேர்கிட்ட சுமார் 2,400 கோடி ரூபாய் வசூல் ஆனதா பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-ல வழக்குப் போட்டுச்சு. 30 சதவீதம் மாச வட்டிக்கு எந்தத் தொழில்ல லாபம் வரும்னு கேட்டிருந்தா யாரும் போட்டிருக்க மாட்டாங்க. "அவரே போட்டிருக்கார்"ங்கிற ஒரு வார்த்தைதான் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாம பண்ணுச்சு.

பணம் போகாத புரளியும் உண்டு. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்களை அடிக்கிறாங்கனு பொய் வீடியோக்கள் பரவுச்சு. வேற எங்கேயோ, வேற காரணத்துக்கு நடந்த சண்டை வீடியோக்கள் அதுல இருந்துச்சு. பீகார் அரசு இங்க ஒரு குழுவையே அனுப்பிப் பார்த்துச்சு, பொய்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினவங்களுக்குப் போன சம்பளம் போனதுதான். உங்க லஞ்ச் டேபிள்ல எதிர்ல உட்கார்ந்து சாப்பிடற பையன் பீகாரா, ஒடிசாவா இருக்கலாம். நீங்க அனுப்பற ஃபார்வர்டு அவன் வயித்துல அடிக்கும்.

நம்ம ஊர்க்காரங்க அப்பவே போட்ட ரூல்ஸ்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை ஸ்கூல்ல படிச்சிருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்துல, 919, 921-ல வெட்டினது. குடவோலை முறை. ஓலையில பேர் எழுதி, குடத்துல போட்டு, குலுக்கி எடுக்கிறது. கிறிஸ்மா சீட்டு எடுக்கிற அதே டெக்னிக்.

ஆனா எவ்வளவு உஷாரா பண்ணியிருக்காங்க பாருங்க. குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி சபை நடுவுல வைக்கணும். விவரம் புரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலையை எடுக்கணும். அதை வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். விரல் இடுக்குல வேற ஓலையை மறைச்சு மாத்திடக் கூடாதுனு! வாங்கினவர் படிச்சதும், அங்க இருக்கிற மத்தவங்களும் அதைப் படிக்கணும். பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரைக் குடத்துலயே போடக் கூடாது. அவரோட சொந்தக்காரங்க பேரையும் போடக் கூடாது.

அந்தச் சபையில நிலமும் வேதப் படிப்பும் உள்ளவங்களுக்கு மட்டும்தான் இடம், எல்லாருக்கும் இல்லைங்கிறதையும் சொல்லியாகணும். ஆனா இந்த ஒரு பாடம் இன்னைக்கும் செல்லும். அந்தச் சபையில எல்லாரும் ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் நல்லா தெரிஞ்சவங்க. அப்படியும் செக் பண்ணாங்க. செக் பண்றதால யாரும் கோவிச்சுக்கலை, ஏன்னா அது எல்லாருக்கும் பொதுவான ரூல்.

ஆபீஸ் குரூப்லயும் இதைத்தான் செய்யணும். "அண்ணா, நீங்க அனுப்பினது உண்மையா?"னு தனியா ஒருத்தர்கிட்ட கேட்கச் சங்கடமா இருக்கும். குரூப்புக்கே ரூல்னு வெச்சுட்டா சங்கடம் இல்லை.

லஞ்சுக்கு முன்னாடி போட வேண்டிய ரூல்ஸ்

1. குரூப்ல லஞ்ச் விஷயம் மட்டும்தான். லிங்க், ஏபிகே, பரிசு, எதுவும் வேண்டாம். போட்டோ எல்லாம் போட்டு முடிச்சதும் குரூப்பைக் கலைச்சிடுங்க.

2. காசு அனுப்பும்போது யூபிஐ திரையில வர்ற பேர் வசூல் பண்றவர் பேர்தானானு பார்த்துட்டு அனுப்புங்க. "நம்பர் மாத்திட்டேன், இதுக்கு அனுப்பு"னு மெசேஜ் வந்தா போன் போட்டுக் குரலைக் கேளுங்க. பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டா பணம் உங்ககிட்ட இருந்து போகப் போகுதுனு அர்த்தம்.

3. மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா, அது குறைஞ்சது அஞ்சு கை மாறி வந்திருக்கு. அனுப்பினவருக்கே அது எங்க ஆரம்பிச்சதுனு தெரியாது.

4. வாட்ஸ்அப்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இன்னைக்கே ஆன் பண்ணுங்க. லஞ்ச் டேபிள்லயே பக்கத்துல இருக்கிறவருக்கும் போட்டுக் கொடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

5. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு போன், உடனே பேங்க்குக்கும் போன். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில போட்ட விதிப்படி, உங்க கவனக்குறைவால ஓடிபி, பின் வெளிய போய் நஷ்டம் ஆனா, நீங்க பேங்க்குக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க நஷ்டம். சொன்னதுக்கு அப்புறம் போனா அது பேங்க்கோட பொறுப்பு. அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசு.

அஞ்சாவது ரூல்லதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. காரணம் வெட்கம். "ஆபீஸ்ல தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்க"னு மறைச்சு வெச்சு, நைட்டு வீட்டுக்கு வந்து யோசிக்கிறதுக்குள்ள பணம் நாலு அக்கவுண்ட் மாறியிருக்கும். அதனால யாராவது "நான் ஏமாந்துட்டேன் போலிருக்கு"னு சொன்னா, முதல் அஞ்சு நிமிஷம் சிரிக்காதீங்க, அறிவுரையும் சொல்லாதீங்க. 1930-ஐ நீங்களே டயல் பண்ணி போனை அவர் கையில கொடுங்க.

ஒரு பிரச்சினைன்னா கூச்சமில்லாம சொல்ற அளவுக்கு நாலு பேர் ஆபீஸ்ல வேணும். அந்த நாலு பேர் கிடைக்கிற இடம் அந்த லஞ்ச் டேபிள்தான். வசூல் நோட்டு வரும்போது 300 ரூபாயைக் கொடுத்துட்டுப் போய் நல்லா சாப்பிடுங்க. கேக் மீந்தா வீட்டுக்கும் ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க.

எல்லாருக்கும் இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.