தீப்பந்தத்துக்கு ஒரு மணி நேரம்தான்!



லீவு விட்டாலே வீட்டுக்கு வீடு ஒரே குரல்தான்: “போனைக் கீழே வை!” சரி, வைத்துவிட்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அதை யாராவது சொல்கிறோமா?

நான் ஒன்று சொல்கிறேன். 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நினைத்தது நடக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். வாரக்கணக்கில் தொடரும் கதைக்கு ‘கேம்பெய்ன்’ என்று பெயர்.

புதிதாக நடத்துகிறவர்கள் பாதாளக் குகையில் தொடங்குங்கள். திறந்த வெளி என்றால் பிள்ளைகள் எட்டுத் திக்கும் ஓடுவார்கள், நாம் திணறிப்போவோம். குகையில் இரண்டே வழி. இடது பக்கம் தண்ணீர்ச் சத்தம், வலது பக்கம் சில்லென்று காற்று. எங்கே போகலாம்?

முக்கியமான விஷயம், வெளிச்சம். விதிப்படி ஒரு தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். 20 அடி வரை தெளிவாகத் தெரியும், அதற்கப்பால் இன்னும் 20 அடி மங்கலாக. அதைப் பிடிப்பவருக்கு ஒரு கை போயிற்று. அப்படியானால் வாளும் கேடயமும் சேர்த்து எப்படிப் பிடிப்பது? மிச்சம் மூன்று பந்தம்தான் என்றால் முன்னே போவதா, திரும்புவதா? வீட்டில் வாய் திறக்காத பிள்ளைகூட இங்கே வாதாடும். மற்ற விதிகளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், பந்தக் கணக்கில் மட்டும் கூடாது.

வில் குரோதர் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணரும் இந்த விளையாட்டை ஆடியவர்தான். அவரும் மனைவி பாட்ரீஷியாவும் கென்டக்கியின் மாமத் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் தயாரித்தவர்கள். விவாகரத்துக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடட்டும் என்று, தனக்குத் தெரிந்த அந்தக் குகையை வைத்தே 1970-களில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதினார். ‘அட்வென்ச்சர்’ என்ற அந்த விளையாட்டிலிருந்துதான் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஒரு வகையே கிளைத்தது. பிள்ளைகளோடு சேர்ந்திருக்க ஓர் அப்பா எடுத்த முயற்சி அது!

ஒரு எச்சரிக்கை. இந்த விளையாட்டுக்கென்று கடையில் கிடைக்கும் கதைப் புத்தகங்கள் எல்லாமே சிறுவர்களுக்கானவை அல்ல. 2015-ல் வந்த ‘அவுட் ஆஃப் தி அபிஸ்’ பாதாளச் சிறையில்தான் ஆரம்பிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். இருட்டு, சிலந்தி என்று எதற்குப் பயம் என முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போதும் என்று பிள்ளை சொன்னால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

செலவா? கோடு போடாத நோட்டில் ஒரு பக்கம் குகைப் படத்துக்குப் போதும். 20 முகப் பகடை இல்லையா? 1 முதல் 20 வரை சீட்டு எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வழியில் போனார்கள் என்று எங்களுக்கு மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்