ஒரே பந்தியில் உண்ண ஒரு வான்கோழி



ஆண்டின் முடிவில் பட்டணத்தை விட்டுச் சொந்தங்களைத் தேடிப் புறப்படும் குடும்பங்கள் நம்மில் அநேகம். எங்கள் குடும்பம் கூடுமிடம் ரேணிகுண்டா. சென்னை, குண்டக்கல், கூடூர், காட்பாடி ஆகிய நான்கு திசைகளின் இருப்புப்பாதைகளும் அங்கே சந்திக்கின்றன. ஆகையால் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் பிழைக்கும் எங்களுக்கு அக்காளின் வீடே பொதுவான வீடாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கூடியபோது, வான்கோழி ஒன்றை முழுதாக ஓவனில் வாட்டுவதென்று தீர்மானித்தோம். மூன்று மணி நேரம் கழித்து அது பொன்னிறமாய் வெளியே வந்தது. கத்தியை வைத்தபோதுதான் உண்மை புலப்பட்டது. நெஞ்சுக்கறி வைக்கோலைப்போல் உலர்ந்திருந்தது. தொடையின் உட்புறமோ வேகவில்லை. பறவையை மீண்டும் அடுப்பிற்குள் அனுப்பினோம். பிள்ளைகள் ரசஞ்சோறு உண்டு உறங்கிவிட்டனர். பற்களை இழந்த எங்கள் தாயார் ஒரு துண்டை வாயிலிட்டு, மெல்ல இயலாமல் ஒதுக்கி வைத்தார்கள். அக்காள் அன்றிரவு எங்களோடு உட்காரவேயில்லை. அடுப்பங்கரையில் நின்றபடியே இரவு கழிந்தது.

பிழை அக்காளிடம் இல்லை. பறவையின் உருவத்தில் இருந்தது. முழு வான்கோழி ஒரு பந்தைப் போன்றது. நெஞ்சு மேலெழும்பி வெப்பத்தை நேரே வாங்குகிறது. தொடைகளோ கீழே ஒடுங்கிக் கிடக்கின்றன. வயிற்றுக் குழிக்குள் சூடு தாமதமாகவே நுழைகிறது. நெஞ்சுக்கறிக்கு 74 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போகப்போக அது உலரும். தொடையோ 80 டிகிரியைத் தாண்டினால்தான் மிருதுவாகும். பிந்தி வேகவேண்டியது மறைவிலும், முந்தி வேகுவது வெளியிலும் இருந்தால் இரண்டும் எப்படி ஒன்றாக ஆயத்தமாகும்?

இதற்குப் பரிகாரம், முதுகெலும்பை நீக்கிப் பறவையைப் புத்தகம்போல் விரித்து வைப்பதே. அப்பொழுது தொடைகள் இருபுறமும் வெளிப்பட்டு முழு வெப்பத்தையும் பெறும். பருத்த நெஞ்சு நடுவில் தங்கும். மூன்று மணி நேர வேலை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும்.

வான்கோழி நம் நாட்டுப் பறவையன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1612ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அரசவைக்கு ஒன்று கொண்டுவரப்பட்டது. அதை விந்தையாகக் கண்ட பேரரசர், ஓவியர் மன்சூரைக்கொண்டு வரையச் செய்தார். பிற்காலத்தில், 1930களில், சிறிய குடும்பங்களுக்கும் சிறிய அடுப்புகளுக்கும் ஏற்றதாக அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் சிறிய வெள்ளை இனம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினர். அவ்வினத்தை நாட்டுக் கறுப்பு வான்கோழியுடன் கலந்து பிறந்ததே, தமிழகத் தட்பவெப்பத்திற்கு ஏற்ற ‘நந்தனம் வான்கோழி-1’. நமக்கும் பெரிய சேவல் வேண்டாம். சுத்தம் செய்தபின் 4 கிலோ நிற்கும் இளம் பெட்டையே போதும்.

கறிக்கடைக்காரரிடம் முன்னதாகவே மூன்று காரியங்களைச் சொல்லிவிடுங்கள். தோலை உரிக்கக்கூடாது, வெந்நீரில் முக்கி இறகை மட்டும் நீக்கவேண்டும். துண்டு போடக்கூடாது. முதுகெலும்பின் இருபுறமும் வெட்டி அதை மட்டும் தனியே எடுத்துத் தரவேண்டும். வீட்டில் செய்வதானால் கனத்த கத்தரிக்கோல் போதும். பின்பு நெஞ்சு மேலே வரும்படி திருப்பி, இரு உள்ளங்கைகளாலும் ஓங்கி அழுத்துங்கள். எலும்பு முறியும் ஓசையோடு பறவை தட்டையாகும். எடுத்த முதுகெலும்பை எறியாமல், வெங்காயமும் மிளகும் சேர்த்துச் சாறு காய்ச்சுங்கள்.

இறைச்சியைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் தெறிக்கும் துளிகளால் கிருமிகள் பரவும். ஈரத்தை ஒற்றி எடுத்தாலே போதும். கிலோவுக்கு 10 கிராம் வீதம் தூள் உப்பைத் தடவி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஓர் இரவு திறந்தபடி வையுங்கள். உப்பு உள்ளிறங்கும், தோல் உலரும், தோல் உலர்ந்தால்தான் மொறுமொறுப்பு உண்டாகும். இஞ்சி, பூண்டு, மிளகு ஆகியவற்றை வெண்ணெயோடு அரைத்துத் தோலுக்கு அடியில் பூசுங்கள். மேலே எண்ணெய் மட்டும் போதும். மிளகாய்த்தூளை வெளியே தடவினால் கருகும்.

வாங்குவதற்கு முன் தட்டை அளந்து பாருங்கள். விரித்த பறவை அகலமானது. ஓவனின் சுவரை அது தொடக்கூடாது. இடம் போதாவிடில் தொடைகளை வெட்டிப் பக்கத்தில் வையுங்கள், பலன் மாறாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரிய ஓவனைச் சாதாரணச் சிறு பிளக்கில் இணைக்காமல், 15 அல்லது 16 ஆம்பியர் இணைப்பையே பயன்படுத்துங்கள்.

ஓவனை 220 டிகிரிக்குச் சூடேற்றியபின் பறவையை உள்ளே வையுங்கள். ஒரு மணி நேரம் கழிந்ததும், எலும்பைத் தொடாதபடி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நிறத்தை நம்பவேண்டாம், இளம் பறவையின் எலும்போரம் வெந்த பின்பும் சிவந்திருக்கலாம். மேற்புறம் பொன்னிறமாயிருந்தும் உள்ளே வேகாமலும் இருக்கலாம். நெஞ்சின் பருத்த பகுதி 74 டிகிரியையும், தொடை 80 டிகிரியையும் எட்டியதும் வெளியே எடுத்து, இருபது நிமிடம் ஆறவிட்டு அறுங்கள். உடனே அறுத்தால் சாறு பலகையில் வழிந்துபோகும்.

சென்ற டிசம்பரில் ரேணிகுண்டாவில் அப்படியே செய்தோம். ஏழரை மணிக்கு அடுப்பில் வைத்தது ஒன்பது மணிக்குள் அறுக்க ஆயத்தமாயிற்று. பிள்ளைகள் விழித்திருந்தனர். தாயார் நெஞ்சுக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அடுப்பு அணைந்திருந்ததால், ஜெபித்தபின் அக்காளும் எங்கள் நடுவே அமர்ந்து உண்டார்கள். எலும்பொன்றை நீக்கியதால் எங்களுக்குக் கிடைத்தது அதுவே.

விருந்துநாளில் உங்கள் வீட்டில் சமைக்கிறவர் எங்கே உண்கிறார், பந்தியிலா, அடுப்பங்கரையிலா? சற்றே யோசியுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.