விடையும் ஒரு கடனே!

வினவுதற்கும் விடையிறுத்தற்கும் இலக்கணம் வகுத்த மொழி நம் மொழி. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே செப்பையும் வினாவையும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் பிழை புகாமற் காக்கும் வழியைச் சொன்னார். பின்வந்த பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்துக் காட்டினார். இவற்றைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்து விடுகிறோம். ஆயின், அவ்விலக்கணம் ஏட்டில் உறங்கும் பழம்பொருள் அன்று. இன்றைய உலகின் மிகப் புதிய வணிகம் ஒன்றில் விடை எப்படிப் பிழைபட்டது, அதனால் என்ன நேர்ந்தது என்பதை அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

‘வீடியோ கேம்’ என்று நம் பிள்ளைகள் சொல்லும் நிகழ்பட ஆட்டத்தைப் பற்றியே இங்குப் பேசுகின்றேன். பெரிய ஆட்டமொன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அது வெளிவருமுன்னரே அதனைப் படைப்போர் மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தோன்றி, ஆர்வலர் தொடுக்கும் வினாக்களுக்கு விடை கூறுகின்றனர். வானூர்தி உண்டா? கடலுள் இறங்கலாமா? நண்பனோடு கூடி ஆடலாமா? இவ்வாறு வினாக்கள் எழுகின்றன. விடைகளைக் கேட்டவர்கள் அவற்றை நம்பி முன்பணம் கட்டுகின்றனர். அரிசி வாங்குவோன் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பான். துணி வாங்குவோன் விரித்துப் பார்ப்பான். இங்கோ அள்ளிப் பார்க்கவும் விரித்துப் பார்க்கவும் பொருள் இன்னும் பிறக்கவில்லை. படைப்போன் வாயிலிருந்து வரும் சொல்லே வாங்குவோன் கையில் கிடைக்கும் ஒரே மாதிரி. எனவே அச்சொல்லின் பொறுப்பு மற்ற வணிகர் சொல்லினும் பன்மடங்கு பெரிது.

இங்கிலாந்து நாட்டுக் கில்போர்டு நகரில் ‘அலோ கேம்சு’ என்றொரு சிறு நிறுவனம் உள்ளது. அதன் தலைவர்களுள் ஒருவர் சான் மரே. அந்நிறுவனம் 2013 திசம்பரில் ‘நோ மேன்சு இசுகை’ என்னும் ஆட்டத்தை அறிவித்தது. ‘யார்க்கும் உரித்தல்லா வானம்’ என அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். அவ்வானத்துள் 18,446,744,073,709,551,616 கோள்கள் உள்ளன. இரண்டை அறுபத்து நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண் அது. அக்கோள்களை ஒவ்வொன்றாக எவரும் வரையவில்லை. கணக்கு வாய்பாடுகளே மலையையும் கடலையும் விலங்கையும் ஆக்குகின்றன. ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடக் கூடிய சிலர் இத்துணைப் பெரிய உலகை ஆக்குகிறார்கள் என்னும் செய்தி ஆர்வலரை மயக்கியது. 2014 சூனில் சோனி நிறுவனத்தின் பெருமேடையிலேயே அவ்வாட்டம் காட்டப்பட்டது. அதன்பின் வினாக்கள் மழையெனப் பொழிந்தன.

அவ்வினாக்களுள் தலையாயது ஒன்று: இவ்வானத்தில் பிற ஆட்டக்காரரைக் காண இயலுமா? 2015 அத்தோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இசுடீவன் கோல்பேர் நடத்திய நிகழ்ச்சிக்கு மரே சென்றபோதும் இவ்வினா எழுந்தது. இயலும் என்பதே விடை. ஆயின் வானம் மிகப் பரந்தது ஆகலின், அத்தகைய சந்திப்பு மிக அரிது என்றொரு வாலும் அவ்விடைக்கு உண்டு. ஆட்டத்தில் என் உருவம் எப்படியிருக்கும் என்ற வினாவிற்கோ, வேறொருவர் உங்களைக் கண்டு சொன்னாலன்றி அதனை நீங்கள் அறிய முடியாது என்னும் பொருள்பட விடை வந்தது.

2016 ஆகத்து 9-இல் ஆட்டம் வெளிவரத் தொடங்கியது. அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 60 தாலர். கணினி வடிவம் வெளியானபோது இசுட்டீம் என்னும் விற்பனைத் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 2 இலக்கத்து 12 ஆயிரம் பேருக்கு மேல் ஆடினர். ஆனால் வெளியான முதல் நாளிலேயே ஒரு செய்தி பரவியது. அத்துணைக் கோடிக் கோள்களுக்கிடையே இருவர் ஒரே கோளின் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். இருவரும் தத்தம் திரையை உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தனர். நின்ற இடம் ஒன்று. ஆயினும் ஒருவரை ஒருவர் காண முடியவில்லை! அரிது என்று சொல்லப்பட்ட சந்திப்பு முதல் நாளே நிகழ்ந்துவிட்டது. இயலும் என்று சொல்லப்பட்ட காட்சியோ நிகழவே இல்லை. இது பலர் கூடி ஆடும் ஆட்டமன்று என்னும் தெளிவுரை மரேயிடமிருந்து வெளியீட்டை ஒட்டியே வந்தது. முன்பணம் கட்டியவனுக்கு அதனால் என்ன பயன்?

இனி நன்னூலைத் திறப்போம். ஆர்வலர் கேட்டவை பெரும்பாலும் கொளல் வினாக்கள், கடைக்காரரிடம் “நல்லெண்ணெய் உண்டா?” என்று கேட்பது போன்றவை. வாங்கும் எண்ணம் அவ்வினாவின் உள்ளேயே இருக்கிறது. அதற்கு விடை சொல்பவர் எத்துணைப் பெரிய கலைஞராயினும் அந்நொடியில் வணிகராகவே நிற்கிறார். கனவு காண்பது கலைஞர்க்கு உரிமை. வாங்க வந்தவனிடம் கனவைச் சரக்கெனச் சொல்ல வணிகர்க்கு உரிமை இல்லை.

எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேராகப் பொருள் உணர்த்துவன. ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றிவந்து பொருள் உணர்த்துவன. இந்த ஐந்தையும் பவணந்தியார் தள்ளிவிடவில்லை, விடையென்றே ஏற்றார். “தண்ணீர் இறைப்பாயா?” என்று கேட்டபோது “தோள் நோகிறது” என்றவன் மறுத்தவனே ஆவான். மாட்டேன் என்னும் சொல் என் வாயில் வரவில்லையே என்று பின்னர் அவன் வழக்காட முடியாது. இதுதான் இங்கு நாம் பற்றிக்கொள்ள வேண்டிய நூல்முனை. உன்னைப் பிறர் கண்டு சொல்ல வேண்டும் என்றால், பிறர் உன்னைக் காண்பர் என்பதே பொருள். நேராகச் சொன்னாலும் சுற்றிச் சொன்னாலும், கேட்டவன் நெஞ்சில் எப்பொருள் பதிந்ததோ அப்பொருளுக்குச் சொன்னவன் கடன்பட்டவன். இன்றைய நிறுவனங்கள் பல, விடையின் சொல்லுக்கு மட்டும் பொறுப்பேற்று அதன் பொருளைக் கைகழுவ முயல்கின்றன. நம் இலக்கணம் அதற்கு இடம் தருவதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அவர்கள் சிறு குழுவினர்; 2013 திசம்பர் 24-இல் அவர்களது பணிமனையே வெள்ளத்தில் மூழ்கியது; படைப்பின் நடுவழியில் இருப்பவன் தான் விரும்புவதையும் முடித்ததையும் பிரித்துப் பேச மறந்துவிடுவது இயல்பு. இவை யாவும் உண்மை. பிரித்தானிய விளம்பரத் தர ஆணையமும் முறையீடுகளை ஆராய்ந்து, 2016 நவம்பரில், விளம்பரம் பொய்யானதன்று என்றே முடிவு கூறியது. ஆயின் அவ்வாணையம் ஆராய்ந்தது விற்பனைத் தளத்தின் பக்கத்தை. ஈராண்டுக் காலம் வாய்மொழியாக வழங்கிய விடைகள் அங்கே வழக்கிற்கு வரவில்லை. வழக்கில் தப்புதல் வேறு. வாய்மையில் நிலைத்தல் வேறு. வஞ்சம் இன்றியே ஒருவர் பிறரை ஏமாற்றிவிட முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

வெளியீட்டிற்குச் சில கிழமை கழித்து அந்நிறுவனம் வாயை மூடிக்கொண்டது. நவம்பர் இறுதிவரை ஏறத்தாழ மூன்று திங்கள் பேச்சே இல்லை. மணிமேகலைக் காப்பியம் விடையை நான்காகக் கூறுமிடத்தில் வாய்வாளாமையையும் ஒன்றாக எண்ணுகிறது என்பது மெய்யே. ஆனால் எவ்வினாவிற்கு அது தகும்? வானத்தில் பூக்காத பூவைக் காட்டி, அது பழையதா புதியதா என்று கேட்பவனுக்கே அது தகும். இல்லாத பொருளைப் பற்றிய வினாவிற்கு உண்டு, இல்லை என எது சொன்னாலும் பிழையாகும். பணம் கொடுத்தவன் “நீ சொன்னது எங்கே?” என்று கேட்டதோ வானப்பூவைப் பற்றிய வினா அன்று. அதற்கு “இன்னும் செய்யவில்லை” என்னும் மறை விடையே உரியது. இருசொல்லில் அடங்கும் விடையை மூன்று திங்கள் அடக்கி வைத்ததே சினத்தீக்கு நெய்யானது.

ஆர்வலர் பக்கத்துப் பிழையையும் மறைத்தல் முறையன்று. 2016 மே திங்களில் ஆட்டத்தின் வெளியீடு சில கிழமை தள்ளிப் போனபோது, அச்செய்தியை வெளியிட்ட இதழாளர்க்கும் மரேக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. ஒரு விளையாட்டிற்காக ஓர் உயிரைப் பறிப்பேன் என்பவனை ஆர்வலன் என்று சொல்ல நா கூசுகிறது. வினாவுக்கும் வழு உண்டு என்று நம் முன்னோர் கண்டது இதனாலேயே. கேட்பவன் வெறியனானால், விடை சொல்பவன் அச்சத்தால் நழுவுவான். நழுவிய விடையால் வெறி மேலும் வளரும்.

அதன்பின் நடந்ததே இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. அந்நிறுவனம் பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கியது. 2016 நவம்பரில் முதற் பெரும் திருத்தம் வந்தது. 2017 ஆகத்தில் பிற ஆட்டக்காரர் மிதக்கும் ஒளிப்பந்துகளாகத் தென்பட்டனர். 2018 சூலையில் ஒருவரை ஒருவர் முழு உருவில் கண்டு, கூடி ஆடும் நிலை வந்தது. இத்திருத்தங்களுக்கு வாங்கியவரிடம் தனிக்காசு பெறவில்லை. இதனைப் பாராட்டாமலிருத்தல் நன்றியின்மை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஈராண்டு கழித்துத் தீர்த்த கடனும் தீர்த்த கடனே. ஆனால் அந்த ஈராண்டுச் சுமையைத் தாங்கியவன் கடன் கொடுத்தவன். 2023 திசம்பரில் இதே நிறுவனம் ‘லைட் நோ பயர்’ என்னும் அடுத்த ஆட்டத்தை அறிவித்தபோது வெளியீட்டு நாள் எதனையும் குறிக்கவில்லை. பட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்க.

எனவே வரப்போகும் ஆட்டத்தைப் பற்றி விடை கூறுவோர் மூன்று நிலைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முடித்தது எது, செய்துகொண்டிருப்பது எது, செய்ய விரும்புவது எது? தமிழில் ‘உள்ளது’, ‘செய்கின்றோம்’, ‘செய்ய எண்ணுகின்றோம்’ என்னும் மூன்று தொடர்களுக்கும் நடுவே எத்துணைத் தொலைவு! விருப்பத்தை உள்ளதாகச் சொல்லுதல் காலவழு மட்டுமன்று, அறவழுவும் ஆகும். முன்னர்ச் சொன்ன ஒன்றைக் கைவிட நேர்ந்தால், விற்பனை தொடங்குமுன் அதனைத் தாமே முன்வந்து சொல்ல வேண்டும். கேட்கட்டும் சொல்வோம் என்று காத்திருத்தல் தகாது.

இனி நம் பக்கம் வருவோம். இந்த வான ஆட்டத்தில் வேற்றுக்கோள் இனத்தார் பேசும் மொழிகள் உண்டு. அம்மொழிகளின் சொற்களை ஆங்காங்கே நிற்கும் கற்களிடமிருந்தும் வாழ்வோரிடமிருந்தும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சொல் சேரச் சேர, புரியாத பேச்சு புரியத் தொடங்கும். மொழியின் அருமையை உணர்த்தும் நல்ல அமைப்பு இது! ஆனால் உலகில் எவரும் பேசாத மொழிகளுக்கு இடமளித்து வெளிவந்த அவ்வாட்டத்தில், கோடிக்கணக்கானோர் பேசும் தமிழுக்கு இடமில்லை. போலந்து மொழிக்கு இடமுண்டு. போலந்தியர் தம் மொழிக்கு இடம் பெற்றனர். திருட்டுப் படிகள் மலிந்த அந்நாட்டில், ‘பால்டர்சு கேட்’ என்னும் அயல்நாட்டு ஆட்டத்தை 1999-இல் ‘சிடி புரொசெக்ட்’ என்னும் நிறுவனம், பெயர்பெற்ற நடிகர்களைப் பேசவைத்துத் தன் தாய்மொழியில் கொணர்ந்தது. மக்கள் காசு கொடுத்து வாங்கினர். அந்நிறுவனமே பின்னாளில் உலகறிந்த ஆட்டங்களைப் படைத்தது.

நம் இளைஞர் படைப்போரிடம் ஆயிரம் வினாக்கள் கேட்கின்றனர். வாள் எத்தனை, ஊர்தி எத்தனை என்பர். “தமிழ் உண்டா?” என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்டவர்க்கும், “ஆங்கிலம் உண்டு” என்பதே விடையாகக் கிடைக்கும். நல்லெண்ணெய் கேட்டவனிடம் கடலையெண்ணெய் உண்டு என்னும் கடைக்காரரின் விடை அது. நன்னூலார் இதனை இனமொழி விடை என்பார். அதன் உட்பொருள் ‘தமிழ் இல்லை’ என்பதே. அதனை விடையென்று உணராமல், கிடைத்ததைக் கட்டிக்கொண்டு திரும்பும் கூட்டமாக நாம் இருக்கிறோம்.

தமிழ் இளைஞர்காள்! வினாவெழுப்பும் ஒவ்வொரு மேடையிலும் இவ்வொரு வினாவையும் எழுப்புங்கள். மிரட்டலின்றி, நாகாத்து, ஆனால் விடாது எழுப்புங்கள். விடை வந்தால் அதனைக் குறித்து வையுங்கள். சொன்னவர் சொன்னதற்குக் கடன்பட்டவர் என்பதை அவர்க்கு நினைவூட்டுங்கள். கேளாதவனுக்கு எவரும் கடன்படுவதில்லை.