ஃபியூஸ் யாருக்காக?

சின்ன வயசில் கரெண்ட்டில் கை வைக்காமல் வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோக்குக்குப் போகலாம். மற்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டார்ச் பல்பில் இரண்டு ஒயரைச் சுற்றி ப்ளக்கில் செருகியது, 'டப்' என்று வெடித்து வீடே இருண்டது, அப்புறம் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஹாஸ்டலுக்குப் போனவர்கள் இரண்டு சவர பிளேடுக்கு நடுவே தீக்குச்சி வைத்துக் கட்டி வெந்நீர் போட்டிருப்பீர்கள்.

அடி வாங்கினீர்களே, அந்த 2.5 வோல்ட் பல்பு 230 வோல்ட்டில் ஏன் வெடித்தது என்று யாராவது சொன்னார்களா? 'கிட்டப் போகாதே' என்பதோடு பாடம் முடிந்தது. (பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1750 டிசம்பரில் வான்கோழியை மின்சாரத்தால் கொல்லப் போய், தானே ஷாக் வாங்கினார். அப்போது அவருக்கு வயசு 44.)

பையனிடம் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் நாலு சின்ன பல்பும் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டைப் பாருங்கள். த்ரீ-பின் ப்ளக்கில் எர்த் முள் நீளமாக இருப்பது, அது முதலில் தொட்டு மற்ற ஓட்டைகளின் மூடியைத் திறப்பதற்காக. நாம் என்ன செய்கிறோம்? அந்த ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு நெம்பி, டூ-பின்னைச் செருகுகிறோம். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

'எம்.சி.பி. இருக்கே சார்' என்பீர்கள். அது ஒயரைக் காப்பாற்ற வந்தது, பிள்ளையை அல்ல. இதயத்தை நிறுத்த ஒரு 25 வாட் பல்பு இழுக்கிற கரெண்ட், அதாவது சுமார் 100 மில்லியாம்பியர் போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கொசுக்கடி. அசையாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போன கரெண்ட் முழுசாகத் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால் கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிடும். ஒரு சுமாரான செல்போனை விட மலிவு. ஃபால்ஸ் சீலிங்குக்கு லட்சம் கொடுப்பவர்கள் இதற்கு மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்கிறார்கள். சர்வரோக நிவாரணி இல்லை. ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தால் அதற்கும் தெரியாது. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

எலெக்ட்ரீஷியன் ஒருநாள் வந்து, 'அடிக்கடி ட்ரிப் ஆவுது சார், பைபாஸ் பண்ணிடவா?' என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லி, முதலில் கெய்சரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.